வில்லோவீமாக்கில் ஒரு முற்பகல்

அப்பா ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து என் பெட்டியிலிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிருள்ள பூச்சிகள் அல்ல. தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் மெல்லிய செம்புக்கம்பியும் சுற்றிக் கட்டியவை.

"எவம்ல கட்டுனது? முடிச்சு சுத்தமா இருக்கே."

நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. அம்பாசமுத்திரத்தில் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். என் சட்டைப் பித்தானைக்கூட நான் தைத்துக்கொண்டதில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் முதல் வாரம். நியூஜெர்சியிலிருந்து இரண்டரை மணிநேரம் ஓட்டிக்கொண்டு கேட்ஸ்கில் மலைப்பக்கம், வில்லோவீமாக் ஓடைக்கு வந்திருந்தோம். மர நிழலில் இன்னும் பனி கிடந்தது. தண்ணீர் 6 டிகிரி. இந்தக் குளிரில் ட்ரௌட் சோம்பிப்போய் ஆழத்தில் கிடக்கும், வாயருகே வருவதை மட்டும் தின்னும். 10 டிகிரியை ஒட்டித்தான் மேஃப்ளைகள் மேலே வந்து பறக்கத் தொடங்கும். அவற்றைத் தேடி மீனும் மேலே வரும். அதுவரை கல்லுக்கடியில் வாழும் அதன் குஞ்சைப்போல் ஒன்றைக் கட்டி அடியில் உருட்டிவிட வேண்டியதுதான். மேலே ஒரு மிதவை. அதற்கு இங்கே பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அப்பா பார்த்ததும் சொன்னார்: "தக்கைதானல இது."

அம்மா போன அக்டோபரில் இறந்தாள். காரியம் முடிந்த கையோடு அப்பாவைக் கூட்டிவந்துவிட்டேன். இன்னும் மூன்று வாரத்தில் திரும்பும் டிக்கெட். இங்கேயே தங்குவதற்கான படிவங்கள் ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. அவர் அதன்மேல் மாத்திரை டப்பாவை வைப்பார், எடுப்பார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. காரிலாவது பேசுவார் என்று நினைத்தேன். தூங்கிவிட்டார்.

"மண்புழு போட்டுப் பாரேம்ல."

"இந்த இடத்துல போடக்கூடாதுப்பா. பிடிச்சா விட்டுரணும்."

"திங்கவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க. அப்ப அது வாயில எதுக்குல முள்ளு?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததே இல்லை. பதில் இல்லாதபோது நான் வரலாறு பேசுவேன். தியோடர் கார்டன் என்று ஒருவர் இந்த ஓடைகளில் மீன்பிடித்தவர், 1890இல் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி மாதிரிப் பூச்சிகள் வரவழைத்தார், அவை அந்த ஊரின் மெதுவான தண்ணீருக்குக் கட்டியவை, இவர் இந்த வேகத்துக்குத் தக்கபடி மாற்றிக் கட்டினார் என்றெல்லாம் சொன்னேன். இந்த பிரௌன் ட்ரௌட்டே வந்தேறிதான்ப்பா, 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்தார்கள், இப்போது பார்த்தால் ஓடை முழுக்க இதுதான் என்றேன். கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டையாவா வந்துச்சு? அப்ப ஊர் நெனப்பு இருக்காது."

கொஞ்ச நேரம் நான் கம்பை வீசவில்லை.

பதினொரு மணிவாக்கில் தக்கை நின்றது. தூக்கினேன். கனமாக ஒரு இழுப்பு, பிறகு தலையை உதறும் அந்தத் துடிப்பு. பத்து அங்குலம் இருக்கும். வயிறு வெண்ணெய் நிறம், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள். திரும்பினால் அப்பா நடைப்பயிற்சி ஷூவோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். கையை நனைச்சுக்கோங்கப்பா, காய்ந்த கைபட்டா அதன் வழுவழுப்பு போயிரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே இரண்டு கைகளையும் முக்கியிருந்தார்.

முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் சுலபமாகக் கழன்றது. அப்பா மீனை ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டார். செவுள் திறந்து மூடியது. அவர் விரல்கள் சிவந்துகொண்டே வந்தன.

"பொழச்சிக்கிடுமால?"

"பொழச்சிக்கும்ப்பா."

போய்விட்டது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார்.

காரில் ஹீட்டருக்கு நேரே கையை நீட்டியபடி கேட்டார்: "இருபத்தேழாம் தேதிதானல டிக்கெட்டு?"

"ஆமாப்பா."

"அந்தப் பூச்சில ஒண்ணு குடு. கடைப் பையங்கிட்ட காட்டணும்."

பெட்டியைத் திறந்து நன்றாக வந்திருந்த ஒன்றைத் தேடினேன். முள்ளின் நுனியை நறுக்கிவிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நூல் முடிந்திருந்த இடத்தை நகத்தால் ஒருமுறை நெருடிப் பார்த்தார்.