ஆச்சிக்கு அங்கேயும் ஆச்சிதான்

 

என்னிடம் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்த ஒரு பெண் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தாள். "டீச்சர், லீவு விட்டாச்சு. பிள்ளைங்க போனும் கையுமா இருக்காங்க. வேற நாட்டுப் பழக்கவழக்கத்த வீட்ல வச்சே விளையாட்டாச் சொல்லிக்கொடுக்க வழி இருந்தா எழுதுங்க" என்று. அவளுக்கு மட்டும் பதில் போடுவதைவிட எல்லாருக்கும் எழுதலாமே என்று இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான் காகிதக் கொக்கு, சீனா டிராகன் எல்லாம் யூடியூபில் கிடைக்கும். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் நம்ம புதுக்கோட்டையில் (தொண்டைமான் புதுக்கோட்டை இல்லை, தூத்துக்குடிப் புதுக்கோட்டை!) உட்கார்ந்திருக்கிற எனக்கு முதலில் தோன்றுகிற வெளிநாடு இலங்கைதான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. மீனவர்களைப் பிடித்துப் போன செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பேரன் திரும்பி, "ஆச்சி, இலங்கைக்காரங்க எல்லாரும் கெட்டவங்கதான?" என்றான். அஞ்சாம் வகுப்பு அக்காவும் ஆமா என்று தலையாட்டினாள். ஒரு நாட்டைச் செய்தியில் மட்டுமே பார்த்தால் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். உட்காரவைத்துப் பாடம் எடுத்தால் ஏறாது. அதனால் பத்து நாள் வீட்டையே இலங்கை ஆக்கிவிட்டோம். செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் நூல் விளையாட்டு. அட்லஸை விரித்து, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு நூல், கொழும்புக்கு ஒரு நூல் வைத்து வெட்டச் சொன்னேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொழும்பு நூல் சென்னை நூலில் ஏறக்குறைய பாதிதான்! பேத்தி நம்பாமல் மறுபடி அளந்தாள். அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே கதை சொன்னேன். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழிக்குத்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கேதான் கப்பல் ஏறினார்கள். 2011-இல்கூட ஒரு பயணிகள் கப்பல் ஓடி, அந்த வருஷமே நின்றுபோனது.

இரண்டாம் நாள் உறவுச் சீட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டு செய்தோம். ஒரு கட்டில் தமிழ் உறவுகள், இன்னொரு கட்டில் சிங்கள உறவுகள். கவிழ்த்து வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். அம்மாவுக்கு அங்கேயும் அம்மா. அக்காவுக்கு அக்கா. தம்பிக்கு மல்லி, தங்கச்சிக்கு நங்கி. அண்ணனை அய்யா என்பார்கள். தாத்தாவுக்குச் சீயா. ஆனால் அப்பாவைக் கூப்பிடுவது "தாத்தா" என்று! அன்றைக்கு முழுக்க என் மருமகனைப் பிள்ளைகள் இரண்டும் தாத்தா, தாத்தா என்று விரட்டின. தலைக்குச் சாயம் அடித்து வந்த மனுஷர் நொந்துபோனார். கடைசிச் சீட்டைப் புரட்டினால், பாட்டிக்கு அங்கேயும் ஆச்சி. "அப்போ அங்கயும் ஆச்சி இருக்காங்களா?" என்றான் பேரன். இருக்காங்களே என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது, யானைக்குக் கண் வைப்பது. நம்ம சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. சிங்களவர், தமிழர் இரண்டு பேருக்குமே அது பண்டிகை. அப்போது ஊர் கூடி ஆடும் ஆட்டம் இது. காலண்டர் தாளின் பின்பக்கம் கண் இல்லாத யானை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கண்ணைத் துண்டால் கட்டி, ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஸ்டிக்கர் பொட்டைக் கையில் கொடுங்கள். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டில் வயசான அத்தை வாலில் போய் ஒட்டினார்கள். நம்ம உறியடியும் அங்கே உண்டு. அதற்குக் கணாமுட்டி என்று பேர்.

நான்காவது பாற்சோறு. சிங்களத்தில் கிரிபத் என்பார்கள். புத்தாண்டுக்கு நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டி, புதுப்பானையில் பால் பொங்க விடுவார்கள். நம்ம பொங்கல் மாதிரியே. செய்முறை சுலபம். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, உப்புப் போட்டு, கிண்டி இறக்கித் தட்டில் கொட்டுங்கள். வாழை இலையால் அமுக்கிச் சமப்படுத்துவது பிள்ளைகள் வேலை. ஆறியதும் டைமண்ட் துண்டு போடலாம். தொட்டுக்கொள்ள லுனுமிரிஸ்: வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசி, எலுமிச்சை சேர்த்து இடித்தது. காரம் ஆகாத பிள்ளைக்குக் கருப்பட்டி. மாசி நம்ம கடையிலேயே இருக்கிறது. அது மாலத்தீவுச் சரக்கு, அந்த நாடு அடுத்த லீவுக்கு!

ஐந்தாவது வெசாக் கூடு. வைகாசிப் பௌர்ணமியில் புத்தருக்கான பண்டிகை வெசாக். மூங்கில் குச்சி கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் தொங்கவிடுவார்கள். கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டத் தெரிந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. அன்றைக்குத் தெருவில் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். தன்சல் என்று பேர். நாங்கள் வாசலில் ஒரு பானை நீர்மோர் வைத்தோம். தபால்காரர்தான் முதலில் குடித்தார்.

இதெல்லாம் ஆன பிறகுதான் பேரன் கேட்டான்: "அப்புறம் ஏன் ஆச்சி நம்ம ஆளுகளப் பிடிக்காங்க?" இந்தக் கேள்வியைத் தயவுசெய்து மழுப்பாதீர்கள். நான் சொன்னது இதுதான். கடலில் எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. பிடிபட்டால் நம்ம ஆட்கள் வீட்டில் அடுப்பு எரியாது, படகும் போய்விடும். அதே சமயம், அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை போடுகிறவர்களும் தமிழர்கள்தான். நம்ம விசைப்படகின் இழுவை மடி போனால் அவர்கள் வலை அறுந்துபோகும். 2017-இல் அந்த நாடு இழுவை மடிக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு.

பேத்தி போரைப் பற்றிக் கேட்டாள். 2009 வரை நடந்ததையும், தமிழர்கள் உயிரும் வீடும் இழந்து இங்கே வந்ததையும், நம்ம மாவட்டத்தில் தாப்பாத்தியில் இன்றும் முகாம் இருப்பதையும் அவள் வயசுக்குத் தக்கபடி சொன்னேன். பாற்சோறு இனித்தது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் இரண்டும் பேசவில்லை. பிறகு பேரன், "பிடிச்சிட்டுப் போனவங்களுக்கு அங்க சோறு குடுப்பாங்களா?" என்றான். கெட்டவங்க என்ற வார்த்தை அன்றைக்கு அவன் வாயில் வரவில்லை. எனக்கு அது போதும்.

செய்கிறவர்களுக்கு இரண்டு யோசனை. எந்த நாடானாலும், நம்ம வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: ஒரு சொல், ஒரு பண்டம், ஒரு ஆட்டம். அப்புறம் வித்தியாசத்தைக் காட்டுங்கள். இன்னொன்று, ஒரு நாட்டில் ஒரே மாதிரி ஆட்கள் இருப்பதில்லை. இலங்கை என்றால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர் எல்லாரும் சேர்ந்துதான். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிவிடுங்கள்.

மஸ்கட்டில், சிங்கப்பூரில், துபாயில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் பக்கத்து வீட்டிலேயே நாலு நாட்டுக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் ஆச்சியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த சீட்டுக்கட்டுக்கு எனக்கு வேண்டும்.