முந்தைய மாடல்

கடைப் பையன் இரண்டு மேக்புக் ஏரையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தான். "தெங்கோக் டுலு, பாங்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். 2022 ஆகஸ்டு, சுங்கைப்பட்டாணி, சனிக்கிழமை மத்தியானம். மூன்று வாரமாக யூடியூப்பில் பார்த்துப் பார்த்து இரண்டும் எனக்கு மனப்பாடம். இருந்தும் நேரில் பார்த்ததும் வாயடைத்து நின்றேன்.

இடப்பக்கம் எம்1, 2020 நவம்பரில் வெளிவந்தது. பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்து கதவிடுக்கில் செருகும் ஆப்பு மாதிரி இருக்கும். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் தபால் உறைக்குள்ளிருந்து ஒரு மடிக்கணினியை உருவிக் காட்டினாரே, அந்தக் குடும்பத்து முகம். வலப்பக்கம் எம்2. அந்த ஜூலையில்தான் விற்பனைக்கு வந்திருந்தது. ஆப்பு போய்த் தட்டையாகிவிட்டது. திரை 13.3 அங்குலத்திலிருந்து 13.6 ஆகியிருந்தது. கேமரா 720இலிருந்து 1080க்கு ஏறியிருந்தது. சார்ஜர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது, எடை ஐம்பது கிராம் குறைவு. அமெரிக்க விலை 999 டாலருக்கு 1199. எங்கள் ஊர்க் கடையில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி.

கூட வந்த தங்கச்சி எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நேரே 'மிட்நைட்' நிறத்து எம்2இன் மூடியைத் தடவினாள். கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். நாலு விரலும் அப்படியே பதிந்துவிட்டன. கடைப் பையன் ஓடிவந்து துடைத்தான்.

"யோசிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் இப்படி நிறுத்தி நிதானமாக யோசித்து வாங்கியதில்லை. பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா பால்மரம் சீவினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் லயத்துச் சனம் ஒவ்வொன்றாகத் தாமான்களுக்கும் பலகை வீடுகளுக்கும் கலைந்தது. அப்பா ஜாகா வேலைக்குப் போனார், அம்மா தொழிற்சாலை கேண்டீனுக்கு. அப்பா சீவிய மரத்தை அவர் இன்னமும் 'அறுநூறு' என்றுதான் சொல்வார். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இரண்டு இனத்தைக் கலந்து உண்டாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 அது. மரத்துக்கும் மாடல் நம்பர் உண்டு என்பதே எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் உறைத்தது. அறுநூறை எடுத்துவிட்டுச் செம்பனை நட்டபோது எது வேண்டும் என்று யாரும் அப்பாவிடம் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்த பொருள்களும் அப்படித்தான் வந்தன. அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5க்கு அவர் மூன்றாவது உரிமையாளர். அந்த மோட்டார் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய அதே முகத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் பழசா புதுசா என்று தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதி என்று நினைக்கிறேன். என் பள்ளிச் சட்டை பெரியம்மா மகனுடையது. பாடப்புத்தகம் இரவல் திட்டத்தில் வந்தது. அட்டைக்கு உள்பக்கம் முத்திரைக் கட்டம், அதில் எனக்கு முன்னால் படித்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நான்காவது பெயரை எழுதும்போது கட்டத்தில் இடம் பத்தாது.

பெட்டியோடு வந்த முதல் கணினி அரசாங்கம் கொடுத்தது. 2010இல் தொடங்கிய 1மலேசியா நெட்புக் திட்டத்தில் வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதைப் புதுசாகத்தான் வாங்கினேன், வரிசையில் நின்று. என்ன மாடல் என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

2015இல் நிபோங் திபாலில் உள்ள யூஎஸ்எம் பொறியியல் வளாகத்துக்குப் போனபோது பினாங்கில் 850 வெள்ளிக்கு ஒரு பழைய திங்க்பேட் எக்ஸ்220 வாங்கினேன். யாரோ ஓர் ஆபீஸ்காரர் கழித்துவிட்டது. மூடியில் சொத்து எண் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சுரண்டியே முதல் வாரம் போனது. ஒருநாள் சீனியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "டேய், ஏழு வரிசைக் கீபோர்டு! உனக்கு எங்கடா கிடைச்சது?" என்றார். 2012இல் வந்த எக்ஸ்230இல் விசைப்பலகையை ஆறு வரிசையாக்கித் தனித்தனித் தீவு போன்ற விசைகளை வைத்துவிட்டார்கள். பழைய விசைப்பலகையைப் புதுக் கணினியில் மாட்ட மென்பொருளையே திருத்துகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காசில்லாமல் வாங்கிய பொருளைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. அந்தப் போதை ரொம்ப நாள் இருந்தது. இப்போது யோசித்தால், பழைய மாடலுக்காக நான் வாதாடத் தொடங்கியது அங்கேதான்.

வாதாட ஆதாரம் நிறையவே இருக்கிறது. 2016இல் ஆப்பிள் மேக்புக் புரோவை முழுசாக மாற்றி வடிவமைத்தது. மெலிசாக்குவதற்காகப் பட்டாம்பூச்சி விசை என்று ஒன்றை வைத்தார்கள். கொஞ்சம் தூசி போனால் எழுத்து இரண்டு தடவை விழும், இல்லையென்றால் விழவே விழாது. 2018இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள், 2019 கடைசியில் அந்த விசையைக் கைவிடத் தொடங்கினார்கள். அதே 2016இல் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு துளைகளையும் எடுத்துவிட்டு, 2021இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். விசை வழக்கில் 5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்ட செய்தி வந்தது 2022 ஜூலையில். புது ஏர் கடைக்கு வந்த அதே மாதம். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று நண்பர்களுக்கு அனுப்பினேன்.

என் வேலையும் அப்படி. நான் பிறந்த 1996இல் திறப்புவிழா கண்ட கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் பிராசஸ் எஞ்சினியர். ஒரு பொருளின் வடிவமைப்பு மாறினால் முதல் சில லாட்களில் என்னென்ன சிக்கல் வரும் என்று ராத்திரி இரண்டு மணி ஷிப்டில் நின்று பார்த்தவன். இயந்திரம் அதேதான், ஆள் அதேதான், ஆனாலும் ஆறு மாதம் கழித்து வெளியே போகிற பொருளுக்கும் முதல் மாதம் போகிற பொருளுக்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் லைனில் வேலை செய்கிற யாரும் எதிலும் முதல் பதிப்பை வாங்க மாட்டார்கள்.

அப்புறம் அந்தச் சில்லு விஷயம். அடிப்படை மாடல் இரண்டிலும் சேமிப்பு 256 ஜிபிதான். எம்1இல் அதை 128, 128 என்று இரண்டு நினைவகச் சில்லுகளாக வைத்திருந்தார்கள். எம்2இல் ஒரே சில்லு. இரண்டு இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டிலிருந்தும் படிக்கலாம். ஒன்றுதான் என்றால் அது மட்டுமே ஓட வேண்டும். சோதித்துப் பார்த்தவர்கள், புதுசில் படிக்கும் வேகம் பழசில் ஏறக்குறைய பாதிதான் என்று காட்டினார்கள். விலை கூட, வேகம் பாதி.

சாயங்காலம் வீட்டு வாசலில் அப்பாவுக்கு இதை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காண்டாவுல ரெண்டு வாளி மாட்டித் தூக்குற மாதிரியா?"

"அதேதான்பா."

"அப்ப ஒத்த வாளி வேணாம்யா. தோளு ஒரு பக்கமா இழுக்கும். ஸ்டோர் வரைக்கும் போக முடியாது, பாதி வழியில இறக்கி வைக்கணும்."

நான் எழுதிய எந்தத் தொழில்நுட்ப அறிக்கையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த தங்கச்சி எட்டிப் பார்த்தாள். அவள் அப்போது ஐந்தாம் படிவம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் முழுக்க என் எக்ஸ்220இல்தான் வகுப்பு பார்த்தாள். நான் எதை வாங்கினாலும் எக்ஸ்220 நிரந்தரமாக அவளுக்கு வரும் என்பது சொல்லாமலே முடிவான விஷயம்.

"அண்ணே, ஒன்னு கேக்கவா? உங்களுக்கு நெசமாவே பழசு புடிச்சிருக்கா, இல்ல புதுசு வேணும்னு சொல்ல பயமா?"

"அதான் சொன்னேனே, ரெண்டு சில்லு..."

"நீங்க டைப்பிங் பண்றதுக்கு எத்தனை சில்லு வேணும்?"

பதில் இல்லை. அவள் கேட்டது சரி. அந்த மடிக்கணினியில் நான் செய்யப்போவது கட்டுரை எழுதுவது, பிடிஎஃப் வாசிப்பது, பைத்தானில் சின்னச் சின்னக் கணக்கு. மேக் வேண்டும் என்று தோன்றியதே தமிழுக்காகத்தான். அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் அதற்குள்ளேயே இருக்கின்றன, எதையும் தனியாக நிறுவ வேண்டாம். அதில் வரும் இணைமதி எழுத்துரு நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது. இந்தத் தேவைக்கு இரண்டு வாளி, ஒத்த வாளி எல்லாம் தெரியவே தெரியாது. வேகம் பாதி என்ற செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏமாற்றம் வரவில்லை. மனசுக்குள் ஒரு சந்தோஷம்தான் வந்தது. 'போதும்' என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

இந்தப் 'போதும்' எங்கள் வீட்டில் ரொம்பப் பழைய சொல். தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனால் அம்மா முதலில் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நமக்கு இது போதும்ல?" என்பார். கேள்விக்குறி பேருக்குத்தான். நல்ல சொல்தான் அது, எங்களைக் கடனில் விழாமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் முழிக்கிற ஆளாக நான் ஆகியிருந்தேன்.

அப்பாவின் இஎக்ஸ்5 நியாயமும் இங்கே செல்லாது. கார்பரேட்டர் வண்டி என்றால் தானே கழற்றிக் கழுவி மாட்டிவிடுவார். பழசு அவர் கைக்கு அடங்கும், அதனால் பழசு. எக்ஸ்220கூட அப்படித்தான், நாலு திருகைக் கழற்றி நானே நினைவகத்தைக் கூட்டினேன். எம்1, எம்2 இரண்டிலும் எல்லாமே சில்லோடும் பலகையோடும் ஒட்டியது. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரைக்கும் 8 ஜிபிதான். இரண்டில் எதை வாங்கினாலும் அதன் வயிற்றுக்குள் நான் கைவைக்க முடியாது. ஆக, தோட்டத்து நியாயத்தை இரவல் வாங்கிக்கொண்டு எம்1க்கு வக்காலத்து வாங்கியது கொஞ்சம் பொய்.

ஒரு வாரம் இழுத்தேன். பிடிபிடிஎன் கடன், வீட்டு வாடகை, தங்கச்சியின் டியூஷன் எல்லாம் தாளில் எழுதிப் பார்த்தேன். எம்2 வாங்கினால் உலகம் இடிந்துவிடாது என்று தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. முடியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை போய் எம்1 வாங்கினேன். திரையின் மேலே கேமராவுக்காக வெட்டியிருந்த அந்தக் கறுப்புத் துண்டு எனக்குப் பிடிக்கவில்லை, ஆப்பு வடிவம் பிடித்திருந்தது. இது காரணப் பட்டியலில் நான் எழுதியே இராத காரணம். பயத்தில் வாங்கினேனா பிடித்து வாங்கினேனா என்று கேட்டால் இன்றைக்கும் பாதிக்குப் பாதிதான் சொல்வேன். இந்தக் கட்டுரையையும் அதில்தான் எழுதுகிறேன், இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

2024 மார்ச்சில் எம்3 வந்தது. வெளியே எம்2 மாதிரியே இருக்கும். பிரித்துப் பார்த்தவர்கள், 256 ஜிபியில் மறுபடியும் இரண்டு சில்லு இருக்கிறது என்று காட்டினார்கள். எம்1 ஆப்பிளின் சொந்தக் கடையிலிருந்து மறைந்தது, எம்2 விலை இறங்கி 999 டாலருக்கு வந்தது. நான் அவ்வளவு பயந்த அந்தப் புது வடிவம் இருபது மாதத்தில் முந்தைய மாடல் ஆகிவிட்டது.

அந்த வருஷம் தங்கச்சி சங்லூன் மெட்ரிகுலேசி முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டாள். மறுபடியும் அதே கடை. இந்தத் தடவை நான் கட்சி மாறியிருந்தேன். "எம்3 எடு, ரெண்டு சில்லு, நாலு வருஷம் படிக்கணும், காசு நான் போடறேன்" என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். அவள் மிட்நைட் எம்2 முன்னால் போய் நின்றாள்.

"அது பழைய மாடல்மா."

"பழசா இருந்தா என்னண்ணே? யாரும் தொடாத பழசு."

"இப்ப ரெண்டு சில்லு மாடல் கிடைக்குதேன்னு..."

"எனக்கு இது புடிச்சிருக்கு. அன்னைக்கே புடிச்சிருந்துச்சு. அப்ப என்னை யாரும் கேக்கல."

பில் போட்டோம். மிச்சக் காசில் ஒரு பை வாங்கிக்கொண்டாள், அதுவும் அவளே பொறுக்கியது.

வீட்டில் அப்பா பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "ஏன்யா, இது புதுசா பழசா?" என்றார். நான் பழசு என்றேன், அதே நேரத்தில் அவள் புதுசு என்றாள். அப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடியைத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே அவர் விரல் பதிந்தது. மறுபடியும் துடைத்தார்.