பச்சை உடம்பில் ஊசி

சிகாகோ



மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாக்களுக்கு இங்கே புரிபடாத எண் ஒன்று உண்டு: 100.4. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு ஃபாரன்ஹீட்டில் அந்த அளவு காய்ச்சல் கண்டால், நடுராத்திரியானாலும் டாக்டரை அழைத்தாக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

நண்பர் வீட்டில் 18 நாள் குழந்தைக்கு இப்படித்தான் ஆனது. பால் நன்றாகக் குடித்தது, நிறமும் மாறவில்லை. ஆனாலும் அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். பையில் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் கலந்துவிடுமாம். பிறகு முதுகில் ஊசி. நர்ஸ் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் வயிற்றைத் தொடும்படி வளைத்துப் பிடித்துக்கொண்டார். வலி தெரியாமல் இருக்க நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டார்கள். தண்டுவட நீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் இறங்கியது.

"பச்ச உடம்புல எத்தன தடவதான் குத்துவாங்க?" என்று பாட்டி அழுதுவிட்டார்.

அந்த அழுகை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் டாக்டர்கள் பக்கம்தான். பெரும்பாலும் காய்ச்சலுக்கு வைரஸ்தான் காரணம். பாக்டீரியா என்றால் அநேகமாகச் சிறுநீர்த் தொற்று. முதுகு ஊசியால் தேடும் மூளை உறைத் தொற்று அபூர்வம். ஆனால் அது இருந்தும் இந்த வயதுக் குழந்தை வெளிக்குத் தெளிவாக இருக்கலாம். கழுத்து விறைக்கும் என்று காத்திருக்க முடியாது. தவறவிட்டால் காது கேட்காமல் போகலாம், உயிரே போகலாம்.

எல்லாக் குழந்தைக்கும் இந்த ஊசி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2021-இல் வெளியிட்ட நெறிமுறை, பார்வைக்கு நலமாக இருக்கும் குழந்தைகளை வயதுவாரியாகப் பிரிக்கிறது. 8 முதல் 21 நாள் வரை எல்லாப் பரிசோதனையும் வேண்டும். 28 நாளைத் தாண்டியவர்களுக்குச் சிறுநீரும், புரோகால்சிடோனின் போன்ற ரத்தக் குறியீடுகளும் சரியாக இருந்தால் முதுகு ஊசி தேவையில்லை; வீட்டில் வைத்தே கவனிக்கலாம். நடுவில் உள்ள ஒரு வாரத்துக்கு ரத்த முடிவைப் பார்த்து டாக்டரும் பெற்றோரும் பேசி முடிவெடுக்கலாம். அந்தப் பேச்சில் பாட்டிகளையும் உட்காரவைத்து விளக்கினால் எவ்வளவு நல்லது!

நண்பர் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டே கல்ச்சர் முடிவுக்குக் காத்திருந்தார்கள். கிருமி வளரவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்கா புறப்படும் அம்மாக்களே, புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். பச்சைக் குழந்தைக்குத் தொற்று வந்தால் சிலசமயம் காய்ச்சலே இருக்காது. உடம்பு சில்லிட்டுப்போகும், பால் குடிக்காது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கும். ஊரில் இருந்தாலும் இதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.