ஓட்டை போடாத பை

"சிப்பிக்காளான் எத்தனை நாள் தாங்கும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எனக்கு என் பழைய தவறுதான் நினைவுக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காளான் வளர்த்த ஓர் அம்மாவிடம், "கழுவி, பையில போட்டு இறுக்கிக் கட்டிடுங்கம்மா" என்றேன். மறுநாள் சந்தையில் பிரித்தால், கொழகொழவென்று ஒரே வாடை. எட்டு கிலோவும் எருக்குழிக்குப் போனது. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

அறுத்த பிறகும் காளான் மூச்சு விடும். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் கழுவாமல், ஓட்டை போட்ட பையில் வையுங்கள். வெளியே ஒரு நாள், ஃப்ரிட்ஜில் மூன்று நாள் என்று கணக்கு வையுங்கள். விற்காததை அன்றைக்கே வெயிலில் சருகாகக் காயவையுங்கள். பத்து கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும். ஆனால் மாதக்கணக்கில் இருக்கும். இறுக்கிக் கட்டும் பை இந்தக் காய்ந்த காளானுக்குத்தான்!

இதைச் சொல்ல அந்த அம்மாவைத் தேடிப் போனேன். காளான் கொட்டகையில் ஆடு கட்டியிருந்தார்.