குதிருக்குள் போன கை

பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டு மூலையில் ஒரு மண் குதிர் நின்றது. பென்னாகரத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் விளைகிற கேழ்வரகுதான் அதில் இருக்கும். பாட்டி அதை அளந்து பார்த்ததே கிடையாது. விடிந்ததும் கையை உள்ளே விடுவாள். முழங்கையோடு கை நின்றால் பேச்சில்லை. தோள்வரை போய்விட்டால் அன்றைக்கே வீட்டு நடப்பு மாறிவிடும். களி உருண்டை சிறுக்கும், கூழில் தண்ணீர் கூடும். கூரை மாற்றுகிற பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். பானையில் அடைத்து வைத்திருந்த புளி சந்தைக்குக் கிளம்பும்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து, அது எதனால் வருகிறது என்று தேடிப் படித்தபோது அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் இப்படித்தான் இருப்பைத் தொட்டுப் பார்க்கிறது.

செல்லுக்குக் கைச்செலவுக் காசு ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. 1929இல் ஹார்வர்டில் ஃபிஸ்கேயோடு சேர்ந்து இதைப் பிரித்தெடுத்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாகக் கண்டார். சுப்பாராவின் பெயரை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேள்விப்படாமலே வளர்வது எனக்கு ஆறாத வருத்தம். இந்தக் காசைச் சேர்த்து வைக்க முடியாது. இதயத் தசையில் இருப்பது சில நொடித் துடிப்புக்குத்தான் காணும். தின்றதை எரித்து எரித்துப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

செலவான ஏ.டி.பி. கடைசியில் ஏ.எம்.பி. ஆகிறது. ஏ.டி.பி. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், ஏ.எம்.பி. பல மடங்கு பெருகிவிடும். அந்தப் பெருக்கத்தை உணர்கிற நொதிக்கு ஏ.எம்.பி.கே. என்று பெயர். 1987இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கிரஹாம் ஹார்டியின் ஆய்வுக்கூடத்தில், கொழுப்புச் செய்வதை நிறுத்துவதும் கொலஸ்ட்ரால் செய்வதை நிறுத்துவதும் இந்த ஒரே நொதிதான் என்று காட்டினார்கள். கூரை வேலையைப் பாட்டி நிறுத்தியதும் இதே கணக்குதான். அந்த நொதி அதோடு நிற்பதில்லை. தசை உழைத்து இருப்பு இறங்கும்போது, இன்சுலின் வந்து சொல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்கிறது. அடைத்து வைத்த கொழுப்பை எடுத்து எரிக்க வைக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் இளகி விரிவதற்கும் கை கொடுக்கிறது.

குதிர் எந்நேரமும் வாய்வரை நிறைந்து கிடந்தால் இந்தக் கைக்கு வேலை இல்லை. மேலே மேலே வந்து விழுவது ஈரலிலும் தசையிலும் கொழுப்பாகப் படிகிறது. இன்சுலின் சொல்வதை அவை கேட்பதில்லை. ஏற்கெனவே ரத்தத்தில் சர்க்கரை கிடக்க, ஈரலும் தன் பங்குக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. குழாய்கள் விறைக்கின்றன. சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலி பயம் ஏன் கூடுதல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். “ஏங்கண்ணு, களி தின்னப்ப வராதது நெல்லுச்சோறு தின்னதும் வந்துருச்சா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். அம்மா அந்தக் காலத்தில் தின்ற களிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று யோசித்தேன். விடியலில் தலைச்சுமையாகத் தண்ணீர், பகலெல்லாம் களைவெட்டு, மத்தியானம் ஒரு உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு, இருட்டுமுன் இன்னொரு உருண்டை. நாளைக்கு நாலு தரம் செல்லின் குதிர் இறங்கி ஏறியது. இன்று மோட்டார் தண்ணீர், மிக்சி, பிளாஸ்டிக் நாற்காலி, டீயோடு பிஸ்கட்.

இதைச் சொல்லும்போதே பயமாகவும் இருக்கிறது, பட்டினியைப் புகழ்ந்துவிடுவேனோ என்று. எங்கள் மாவட்டத்தின் பட்டினியில் புகழ ஒன்றுமில்லை. மழை பொய்த்த வருஷங்களில் ஊரே மூட்டை கட்டி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனது. தாயின் வயிற்றிலேயே சத்துக் குறைந்து எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குத்தான் பின்னாளில் சர்க்கரையும் இதயநோயும் அதிகம் வருகின்றன என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் கண்டு சொன்னார். அம்மா பிறந்த வருஷம் குதிரில் ஒன்றுமில்லை என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். உழைத்துக் குறைவது வேறு, இல்லாமல் குறைவது வேறு.

அந்தக் கை தப்பாகத் தொட்டாலும் ஆபத்துதான். ஏ.எம்.பி.கே.யின் ஒரு மரபணு பழுதாகி, இருப்பு நிறைய இருந்தும் ‘காலி காலி’ என்று கூவினால் இதயத் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை மண்டி, இதயம் வீங்கித் துடிப்பு தடுமாறுகிறது. இது 2001இல் தெரிந்தது.

மாதாமாதம் ஒரு பெண் வருகிறாள், மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து. ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பக்கம், சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, மெட்பார்மின் அட்டைகளை எண்ணிக் கொடுப்பாள். காலேகா என்ற பூச்செடியின் பொருளிலிருந்து வழிவந்து, 1957இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. செல் தன் காசை அச்சடிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை அது சற்றே மட்டுப்படுத்துகிறது. இருப்பு இறங்கியதாகச் செல் உணர்கிறது. முழுக்க ஏ.எம்.பி.கே. வழியாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. ஈரலில் ஏ.எம்.பி.கே. இல்லாத எலிகளிலும் அது சர்க்கரையைக் குறைத்தது.

போன மாதம் அந்தப் பெண் வந்தபோது அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். நொய் வெந்த உலையில் மாவைக் கொட்டித் துடுப்பை இரு கையாலும் அழுத்திச் சுழற்றினாள். நெற்றியில் வியர்வை.

“எவ்ளோ சாப்புடறீங்கம்மா?”

அம்மா கையில் தண்ணீர் தொட்டு ஒரு உருண்டையை உருட்டிக் காட்டினாள். பாட்டியின் உருண்டையில் பாதி இருக்கும். “இவ்ளோதான் கண்ணு. தின்னுட்டு ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வருவேன்.”

அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் பதினோரு வீடு இருந்தது.