இறால் இல்லாத கறி

1/
எங்க தெருமுனையில புதுசா ஒரு தாய்லாந்து உணவகம் திறந்திருக்காங்க. போன சனிக்கிழமை ராத்திரி அங்கே பார்சல் வாங்கினேன். சாப்பாடு பிரமாதம். அதே ராத்திரி என் மனைவியை எமர்ஜென்சிக்கும் தூக்கிட்டு ஓடினேன். கொஞ்சம் பொறுமையா படிங்க, உங்க வீட்டுக்கும் உதவும்.

2/
முதல்ல ருசி. பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல், பேரரத்தை எல்லாம் சேர்த்து அரைச்ச விழுதைத் தேங்காய்ப் பாலில் கொதிக்க வைத்தால் கிரீன் கறி. பேரரத்தை நம்ம நாட்டு மருந்துக் கடைச் சரக்கேதான். பட் தாய் நூடுல்ஸில் புளிப்புக்குப் புளி. நம்ம நாக்குக்கு அந்நியமே இல்லை.

3/
மனைவிக்குச் சின்ன வயசுலேர்ந்து இறால் ஒத்துக்காது. சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிப்பு வரும், மாத்திரை போட்டா அடங்கிடும். அதனால கவுண்டர்ல கேட்டேன்: "தம்பி, வீட்ல இறால் ஒத்துக்காது. இதுல இறால் இல்லல்ல?" "இல்ல சார், இது வெஜ் கிரீன் கறி." அவர் பொய் சொல்லலை. கறியில ஒரு இறால்கூட இல்லை.

4/
நாலு வாய் சாப்பிட்டிருப்பாங்க. உதடு அரிக்குதுன்னாங்க. கழுத்துல தடிப்பு. நான் செட்ரிசின் கொடுத்துட்டு, "அடங்கிடும், பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு என் தட்டைக் காலி பண்ணிட்டிருந்தேன். ஆமா, நான் டாக்டர்தான்.

5/
பத்து நிமிஷத்துல வாந்தி. "தொண்டைய என்னமோ இறுக்குது"ன்னாங்க. குரல் கரகரத்துப் போயிருந்தது. அப்போதான் எனக்குள்ள இருந்த புருஷன் விலகி, டாக்டர் எழுந்தான். பையில இருந்த அட்ரினலின் 0.5 மில்லியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில போட்டேன். நேரா ஆஸ்பத்திரி. ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு. இப்போ நல்லா இருக்காங்க.

6/
மறுநாள் கடைக்குப் போனேன், சண்டை போட இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தம்பி முகம் வெளுத்துப் போச்சு. உள்ளே போய் விழுது பாக்கெட்டை எடுத்துட்டு வந்தார். லேபிளை ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். மூணாவது வரியில இருந்தது: இறால் விழுது.

7/
தாய்லாந்தில் இதற்குப் பெயர் 'கபி'. குட்டி இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து அரைப்பது. நம்ம சென்னாகுன்னிக்குச் சொந்தக்காரன். பல கறி விழுதுகளில் இது சேரும். பட் தாயில் காய்ந்த இறாலும், மேலே தூவும் வேர்க்கடலையும் வழக்கம். உப்புக்குப் பதில் மீன் சாஸ். சைவம் சாப்பிடுறவங்களும் கேட்டு வாங்குங்க.

8/
"கொதிக்க வெச்சா போயிடாதா?" போகாது. இறால் அலர்ஜிக்கு முக்கியக் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டைத் தாங்கும். போன தடவை வெறும் தடிப்புதான் வந்தது என்பதால் இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

9/
யோசிச்சுப் பார்த்தா, எங்களை ஏமாத்தினது 'ஒத்துக்காது' என்கிற வார்த்தை. கத்தரிக்காய் ஒத்துக்காது, பால் ஒத்துக்காது, மாமியார் ஊர்த் தண்ணி ஒத்துக்காது. எல்லாத்துக்கும் ஒரே சொல். கடைக்காரத் தம்பிக்கு அது சாதாரணமா கேட்டது. பன்னெண்டு வருஷமா எனக்கும் அப்படித்தான் கேட்டிருக்கு.

10/
அதனால கடையில, "இதுல இறால் இருக்கா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "இறால் அலர்ஜி இருக்கு, சாப்பிட்டா மூச்சு அடைச்சிடும். விழுது, சாஸ் எதுலயாவது இருக்கா, பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. தெரியலைன்னு சொன்னா வாங்காதீங்க.

11/
தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தொண்டை இறுக்கம், விடாத வாந்தி, மயக்கம் இதில் எது சேர்ந்தாலும் அது அனாஃபிலாக்சிஸ். அதற்கு மருந்து அட்ரினலின். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. உடனே 108. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியானது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம்.

12/
முன்னாடி ஒரு தடவை வந்திருந்தா, அலர்ஜி பார்க்கிற டாக்டர்கிட்ட போய், அட்ரினலின் கையில வெச்சுக்கணுமான்னு கேளுங்க. என் மனைவியை இந்த வாரம்தான் கூட்டிட்டுப் போறேன். பன்னெண்டு வருஷம் லேட்.

13/
அந்தக் கடைக்குத் திரும்பப் போவீங்களான்னு கேட்டா, நான் போவேன். அவங்க ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க: "இனிமே கவுண்டர்ல நான் பேசிக்கிறேன். நீங்க பையைப் பிடிச்சா போதும்."