கேரியர் இல்லாத சைக்கிள்

ரோடு பைக் என்று கடைக்காரர்கள் சொல்லும் சைக்கிளில் கேரியர் கிடையாது. முன்னால் கூடை கிடையாது. ஸ்டாண்டு கிடையாது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். ஆட்டுக்கிடாவின் கொம்புபோலக் கீழே வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், ஒரே ஒரு ஆளுக்கான ஒடுங்கிய சீட். அதில் ரேஷன் அரிசி ஏற்ற முடியாது. பிள்ளையை ட்யூஷனில் கொண்டுபோய் விட முடியாது. போகிறவர் போகலாம், அவ்வளவுதான். நாற்பத்துநான்கு வயதில் அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கையில் இருந்தது 25,000 ரூபாய்.

என்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது. அதை வாங்கியபோது வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லூரிக்குப் போகும் வழியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடும். திரும்பும்போது வடசேரிச் சந்தையில் காய்கறி ஏற்றி வரும். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். கால் வைக்கும் இடத்தில் கேஸ் சிலிண்டர்கூட ஒருமுறை வந்திருக்கிறது. குடும்பத்தின் வேலையைச் செய்யும் வண்டி என்பதால் அது என் வண்டியா என்று யாரும் கேட்டதில்லை. சைக்கிள் என்றதும்தான் கேள்வி வந்தது. "ஏ மக்களே, இந்த வயசுல ஒனக்கு சைக்கிளு என்னத்துக்கு? அந்தக் காசுக்கு ஒரு கம்மல் எடுத்துப் போட்டா பிள்ளைக்கு ஆகும்லா?" என்றார் அம்மா. எங்கள் மாவட்டத்தில் பெண் பிள்ளை பிறந்த அன்றே பவுன் கணக்கு தொடங்கிவிடும். 25,000 ரூபாய்க்கு இன்று அரைப் பவுன்கூட வராது. ஆனாலும் அம்மாவின் கணக்கு விலையைப் பற்றியது அல்ல. பெண்ணின் கையில் மிஞ்சும் காசு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைப் பற்றியது.

முனைவர் பட்டம் வாங்கி, சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் தமிழ் கற்பிக்கிறேன். கோடை விடுமுறை மாதங்களில் அதுவும் குறையும். சம்பளம் வந்த நாளிலேயே அது எங்கெங்கே போகும் என்பது எழுதி வைத்ததுபோல் நிச்சயமானது. ஆசிரியைகள் பத்துப் பேர் சேர்ந்து போட்ட சீட்டில் என் முறை வந்தபோது கிடைத்த தொகைதான் எந்தத் தலைப்பின் கீழும் வராத காசு. அதற்கு ஒரு தலைப்பு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்ச் சாலைகளில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், சுமையோடு. குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் கடவத்தைத் தலையில் ஏற்றி உள்ளூர்களுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தவர்கள், தோவாளையிலிருந்து பூக்கூடையோடு வண்டி பிடித்தவர்கள், வயலிலிருந்து கதிர்க்கட்டு சுமந்தவர்கள். சாலை என்பதே இங்கே எளிதில் கிடைத்ததல்ல. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. அதற்கும் முன்னால், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859-இல். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. தெருவில் யார் நடக்கலாம், எதை உடுத்து நடக்கலாம் என்பதை அரசாணையும் கலவரமும் தீர்மானித்த மண் இது. இந்த மண்ணில் ஒரு பெண் சும்மா போய்வருவது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சைக்கிளும் பெண்ணும் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது புதுக்கோட்டை. 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தவர் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் எல்லாரும் ஓட்டப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்தார்கள். ஒரு லட்சம் பேரைத் தாண்டிய இந்த அலையைப் பற்றி பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அதில் என்னை நிறுத்தியவை இரண்டு செய்திகள். ஒன்று, சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வாங்கவும் வழி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொன்று, பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு பலர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால்.

அந்தக் கம்பியை நான் மதிக்கிறேன். பேருந்துக்குக் காத்திருக்காமல், அப்பனையோ அண்ணனையோ எதிர்பார்க்காமல், பிள்ளையையும் குடத்தையும் விளைச்சலையும் தானே கொண்டுபோகலாம் என்பது பெரிய விடுதலை. அரசின் விலையில்லா சைக்கிளும் அப்படித்தான். 2001-02இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. என் வகுப்பில் இருக்கும் பல பெண்கள் அந்த சைக்கிளில்தான் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அது தம்பிக்குப் போகிறது, அல்லது அப்பாவின் கடைக்குப் போகிறது. பயன் முடிந்தால் பெண்ணின் சவாரியும் முடிந்தது. பயனுக்காக ஓட்டும் உரிமையைப் பெற்றுவிட்டோம். பயனில்லாமல் ஓட்டும் உரிமை பாக்கி இருக்கிறது.

இத்தாலியில் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா என்ற தையற்காரி 1924-இல் ஜீரோ த இத்தாலியா பந்தயத்தில் ஆண்களோடு சேர்ந்து ஓட்டினார். இத்தாலி முழுவதையும் சுற்றும் அந்தப் பந்தயத்தில் வேறெந்தப் பெண்ணும் ஓட்டியதில்லை. அவர் எதையும் சுமந்துகொண்டு போகவில்லை, எங்கும் எதையும் கொண்டு சேர்க்கவுமில்லை. எனக்குப் பந்தயம் வேண்டாம். அந்தச் சுமையின்மை வேண்டும்.

இனி, காசு விஷயத்துக்கு வருகிறேன். வளைந்த ஹேண்டில்பார் வைத்த புது சைக்கிள் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் 30,000 ரூபாயைத் தாண்டியது. ஆகவே பழையது. பழையது வாங்குமுன் தன் அளவு தெரிய வேண்டும். சுவரோடு முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு இடையே மேலே இடிக்கும்வரை உயர்த்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்புவரை அளக்க வேண்டும். நான் எடுத்தது தமிழ் அகராதி. எனக்கு 74 சென்டிமீட்டர் வந்தது. அதை 0.67-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50. அதுதான் ஃப்ரேம் அளவு. ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போனால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தே தோளும் கழுத்தும் போய்விடும்.

மூன்று மாதம் தேடியதில் எனக்குத் தெரிந்தது, விற்பனைக்கு வரும் பழைய ரோடு பைக்குகள் பெரும்பாலும் 54, 56 அளவு. ஆண்கள் வாங்கினார்கள், ஆண்கள் சலித்துப்போய் விற்கிறார்கள், ஆண்கள் மலிவாக வாங்குகிறார்கள். நேற்று பெண்கள் வாங்காததால் இன்று பெண்ணின் அளவில் பழையது இல்லை. பிந்தி வருகிறவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது நிலத்துக்கும் வேலைக்கும் மட்டுமல்ல, சைக்கிளுக்கும் பொருந்துகிறது. "கொஞ்சம் பெரிசா இருந்தா என்ன, சீட்டை இறக்கிக்கிடலாம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். சீட்டை இறக்கலாம், கையை நீட்ட முடியாதே.

கடைசியில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா, பத்தாவது படித்த மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. பையன் ஒரே ஆண்டில் வளர்ந்துவிட்டான். "மோனுக்கு இது சின்னதாயிட்டு டீச்சரே" என்றார் அவன் அம்மா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்களா ஓட்டப் போறிய?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேட்டதிலிருந்து 1,000 ரூபாய் அவராகவே குறைத்தார். 17,000.

பழைய சைக்கிளைப் பார்க்கும் முறையை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். ஃப்ரேமின் மூட்டுகளில், முக்கியமாக ஹேண்டிலுக்குக் கீழே, பெயின்ட் சுருங்கியோ கோடு விழுந்தோ இருந்தால் தொடக்கூடாது. அலுமினியத்தை நம் ஊர் வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய முடியாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டையை நோக்கி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். செயினில் ஒரு முள்ளிலிருந்து 24 முள் எண்ணி அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் பற்சக்கரத்தையும் அது தின்றிருக்கும், செலவு இரட்டிப்பாகும். இந்த வண்டி இரண்டு ஆண்டு வராந்தாவில் கிடந்தது. உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்து, டயர் வெடிப்பு விட்டிருந்தது. ஃப்ரேமும் சக்கரமும் நன்றாக இருந்தன. மாற்றக்கூடியது கெட்டு, மாற்ற முடியாதது நன்றாக இருந்தால் அது நல்ல பழைய சைக்கிள்.

டயர் இரண்டும் 2,400. நம் சாலைகளுக்காக 28 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டேன். செயின் 700. பிரேக் கட்டையும் கேபிளும் 600. ஹெல்மெட் 1,500. விளக்கும் பம்பும் 1,300. கூலி 400. மீதி ஒரு செலவு, சீட்.

அதைப் பற்றிப் பேசுவதுதான் கடினமாக இருந்தது. இதனோடு வந்த ஒடுங்கிய சீட்டில் பத்து கிலோமீட்டர் போனால் மரத்துப்போகிறது. எங்கே என்று மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? பெண்களின் இடுப்பெலும்பு சராசரியாக ஆண்களுடையதைவிட அகலம். உட்காரும்போது எடையைத் தாங்கும் இரண்டு எலும்பு முனைகளும் அதனால் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒடுங்கிய சீட்டில் எடை எலும்பில் இறங்காமல் மெல்லிய தசையில் இறங்குகிறது. சங்கப் பாடல்களில் பெண்ணின் அல்குலுக்கு எத்தனை உவமைகள் என்று வகுப்பெடுக்கிற எனக்கு, என் உடம்பின் ஒரு வலியை ஒரு பட்டறையில் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. பிறகு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டின்மேல் உட்கார்ந்து, பதிந்த இரண்டு குழிகளின் மையங்களுக்கு இடையே அளந்தேன். 13 சென்டிமீட்டர். அந்த எண்ணைச் சொன்னதும் அண்ணாச்சி எதுவும் கேட்காமல், நடுவில் பள்ளம் விட்ட அகலமான சீட் ஒன்றை வரவழைத்தார். 900 ரூபாய். மொத்தம் 24,800.

"டீச்சர், இதுல கேரியர் மாட்டணும்னா க்ளாம்ப் போட்டுத்தான் மாட்டணும், பாத்துக்கிடுங்க" என்றார் அவர்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். துப்பட்டா இல்லை, காலோடு ஒட்டிய பேன்ட். டீக்கடையில் திரும்பிப் பார்க்கிறார்கள். பைக்கில் வருகிறவன் பக்கத்தில் மெதுவாக்கி ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறான். தோவாளை தாண்டினால் மலை கிட்டே வந்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். முப்பந்தலின் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். திரும்பும் வழியில் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் காற்று கொஞ்சம் வழிவிடும். அந்த வளைவு எதற்கென்று அங்கேதான் புரியும்.

இந்த வட்டாரத்தில் அவ்வையாரம்மனுக்குக் கோயில் உண்டு. ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூடிக் கூழும் கொழுக்கட்டையும் படைப்பார்கள். இளமையிலேயே முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள் அவ்வை என்பது கதை. கிழவியானால்தான் ஊர் ஊராகத் தனியே நடக்க முடியும் என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கிழவியாகும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

மொத்தச் செலவு போக மிஞ்சியது 200 ரூபாய். மகளின் கம்மல் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அவளை அகராதியோடு சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தேன். இரண்டு அங்குலம் வளர்ந்தால் இந்த ஃப்ரேம் அவளுக்கும் பொருந்தும். அப்போது வாரத்தில் ஒரு நாள் தருவேன், ஞாயிற்றுக்கிழமை தவிர.